துபாஷ் வீட்டு வீணை

மணலிக்குப் பாட்டு விஷயமாகப் போகிறேன் என்று சொன்னால் வடசென்னைக்காரர் யாரும் நம்பமாட்டார். மாதவரம் பால்பண்ணையைத் தாண்டிக் கிழக்கே போகப் போக, பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவர்கள் கண்ணாடியை இழுத்து மூடத் தொடங்குகிறார்கள். சாலையின் இருபுறமும் டேங்கர் லாரிகள், கன்டெய்னர் லாரிகள். அவற்றுக்கு நடுவே ஸ்கூட்டரில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிற அம்மா. 1969இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இங்கே இயங்கத் தொடங்கியது. பின்னாலேயே உரம், பிளாஸ்டிக் மூலப்பொருள், சாயம் என்று ஆலைகள் வந்து சேர்ந்தன. இரவில் ஆலைக் குழாயின் உச்சியில் எரியும் தீ மீஞ்சூர் வரை தெரியும். திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது.

இந்த மணலியில்தான் முத்துசாமி தீட்சிதர் இளைஞராக வளர்ந்தார்.

பிறந்தது திருவாரூர். அப்பா ராமசாமி தீட்சிதர் சாதாரண ஆள் இல்லை. இன்று எந்தக் கச்சேரியிலும் பிள்ளையார் பாட்டோடு முதலில் வந்து நிற்கிற ஹம்சத்வனி ராகம் அவர் உண்டாக்கியது என்பது சங்கீத உலகின் ஒருமித்த பேச்சு. அவரையும் அவருடைய பிள்ளைகளையும் 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மணலிக்கு அழைத்துவந்து வைத்துக்கொண்டது ஒரு முதலியார் குடும்பம். மணலி முத்துகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷ். கவர்னர் பிகட்டுக்கு வலது கை. வெள்ளைக்காரனுக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் பேசி, இரண்டு பக்கமும் சம்பாதிக்கிற வேலை அது. கறுப்பர் பட்டணத்தில் இருந்த சென்ன கேசவப் பெருமாள் கோயிலைக் கம்பெனிக்காரர்கள் கோட்டைப் பாதுகாப்புக்காக இடித்துத் தள்ளியபோது, இன்றைய பூக்கடைப் பக்கம் அதை மறுபடி கட்டியெழுப்பியதில் பெரும்பங்குப் பணம் இவருடையது. அவருடைய மகன் வேங்கடகிருஷ்ண முதலியார். சின்னையா முதலியார் என்றால்தான் ஊருக்குத் தெரியும். தீட்சிதர் குடும்பத்தின் மணலி வாழ்க்கை பெரும்பாலும் இந்தச் சின்னையாவின் நிழலில் நடந்தது.

கம்பெனிக் காசு என்றதும் நமக்கு முகம் சுளிக்கிறது. சுளிக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் காசு வந்து விழுந்த இடத்தில் என்ன முளைத்தது என்றும் பார்க்கவேண்டும். முதலியார்கள் கோட்டைக்குப் போகும்போது தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிப் போனார்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் பட்டாளத்து பேண்டு வாசிப்பார்கள். ஐரிஷ்காரன் ஆடுகிற மெட்டு, ஸ்காட்லாந்துக்காரன் ஆடுகிற மெட்டு, பிரெஞ்சு நடன மெட்டு, ராஜாவுக்கு வாழ்த்துப் பாடுகிற மெட்டு. வேதமும் வீணையும் படித்துக்கொண்டிருந்த பையன்கள் காதில் இவை விழுந்தன. தம்பி பாலுசாமிக்குப் பிடில் மேல் ஆசை வந்தது. முதலியார் ஒரு வெள்ளைக்கார வாத்தியாரை ஏற்பாடு செய்துகொடுத்தார். பாலுசாமி அந்தப் பெட்டியை நம் சம்பிரதாயப்படி தரையில் உட்கார்ந்து வாசிக்கப் பழகினார். கர்நாடக சங்கீதத்துக்குள் வயலின் நுழைந்த கதையில் தஞ்சாவூருக்கும் பங்கு உண்டு. வராகப்பையர், வடிவேலு என்று அங்கே வேறு பெயர்கள் சொல்வார்கள். ஆனால் முதல் வாசல்களில் ஒன்று மணலியில் திறந்தது என்பதில் சண்டை இல்லை.

அண்ணன் முத்துசாமி செய்தது இன்னும் விசித்திரம். அந்த பேண்டு மெட்டுகளை எடுத்து, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதினார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று பெயர். ஏறக்குறைய நாற்பது கிடைத்திருக்கின்றன. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில். ஸ்வரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் இல்லாமல், பட்டாளத்து நடை போல ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக நிமிர்ந்து நிற்கும். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டு 'சந்ததம் பாஹிமாம்' என்று அம்பாளிடம் போய்ச் சேர்ந்தது. இன்று பாட்டு கிளாஸில் எட்டு வயசுப் பிள்ளைகள் ஆட்டம் போட்டபடி அதைப் பாடுகிறார்கள். பின்னால் கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகள் செய்த மனுஷர் இதையும் செய்தாரா என்று சிலருக்குச் சங்கடம். எனக்கு அந்தச் சங்கடம் புரிவதில்லை. கேட்ட நல்ல மெட்டைச் சும்மா விட மனசு வராதவர்தான் பெரிய வித்வான் ஆகமுடியும்.

மணலி மார்க்கெட் பக்கம் இறங்கி டீக்கடையில் விசாரித்தேன்.

"அண்ணே, இங்க முதலியார் பங்களா எதுனா பழசு இருக்கா?"

"இன்னா முதலியாருண்ணா? நெறையப் பேரு இருக்காங்களே. கோயில் வேணும்னா நேரா போய் லெப்ட்டு."

கோயில் திருவுடைநாதர் கோயில். காலை பத்து மணி. குருக்கள் அவசரத்தில் இருந்தார். பிராகாரத்தில் ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு பேர் சீருடையோடு தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, தீட்சிதர் பேரில் தெருவோ மண்டபமோ உண்டா என்று இன்னும் சிலரைக் கேட்டேன். ஒருவர் பத்திரப் பதிவு ஆபீசுக்கு வழி சொன்னார். எட்டயபுரத்தில் தீட்சிதருக்குச் சமாதி இருக்கிறது. திருவாரூரில் பிறந்த இடம் நினைவிடமாகியிருக்கிறது. டிசம்பர் சீசனில் மயிலாப்பூர் சபா மேடைகளில் பின்னால் தொங்குகிற பேனர்களில் பெரிய கம்பெனிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். அந்தக் காசில் கொஞ்சம் மணலிப் பக்கம் திரும்பினால் கெட்டுப்போகாது.

இதே போல ஒரு கதை பிரிட்டன் தீவின் மேற்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டிலும் உண்டு. அங்கே ருவாபன் என்கிற ஊர்ப் பெரிய மாளிகையில், சர் வாட்கின் வில்லியம்ஸ் வின் என்கிற நிலப்பிரபுவின் ஆதரவில் ஒரு கண் தெரியாத வித்வான் இருந்தார். ஜான் பாரி. ஊரார் 'குருட்டுப் பாரி' என்றே அழைத்தார்கள். வாசித்தது வேல்ஸ் நாட்டு முவ்வரிசை யாழ். ஆங்கிலத்தில் ஹார்ப் என்கிற அந்த வாத்தியத்தில் மூன்று வரிசை நரம்புகள். இரண்டு வெளி வரிசைகளும் ஒரே ஸ்வரங்கள். நடு வரிசையில் இடைப்பட்ட அரை ஸ்வரங்கள். வாசிப்பவர் வெளி நரம்புகளுக்கு இடையே விரலை நுழைத்து நடு நரம்பை மீட்டவேண்டும். பார்வை உள்ளவருக்கே தலை சுற்றும். பாரி 1742இல் பழைய வேல்ஸ் மெட்டுகளை அச்சிட்டு வெளியிட்டார். 1757இல் கேம்பிரிட்ஜில் அவர் வாசித்ததைக் கேட்ட கவிஞர் தாமஸ் கிரே, பாதியில் நின்றுபோயிருந்த தன் 'பார்ட்' கவிதையை எழுதி முடித்தார். பாரி 1782இல் இறந்தபோது தீட்சிதர் சிறு பையன்.

ருவாபனுக்குப் பக்கத்து ஊர் ரெக்ஸம். அங்கே தேவாலய வளாகத்தில் அடக்கமாகியிருப்பவர் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னர். இங்கே சேர்த்த காசோடு அங்கே போய்ப் படுத்துக்கொண்டார். அவருக்குப் பின் 1708இல் நவாப் கம்பெனிக்குக் கொடுத்த ஐந்து கிராமங்களில் திருவொற்றியூரும், மணலியை ஒட்டிய சாத்தாங்காடும் உண்டு. வேல்ஸ் நிலப்பிரபு கொடுத்த இடத்தில் ஒரு யாழ்காரர் வாழ்ந்தார். கம்பெனி துபாஷ் கொடுத்த இடத்தில் ஒரு வீணைக்காரர் வளர்ந்தார். மீட்டுவாத்தியம் வாசிக்கிறவனுக்கு நாலு மணி நேரம் உட்கார ஒரு திண்ணையும், அந்த நாலு மணி நேரம் பசி தெரியாமல் இருக்க ஒருவேளைச் சோறும் வேண்டும். அதைக் கொடுத்தவர் நல்லவரா கெட்டவரா என்பது அப்புறம்.

வேல்ஸ் யாழ் மனசில் இருக்க, நம் யாழைத் தேடி எண்ணூரில் கும்மிடிப்பூண்டி யூனிட் ரயிலைப் பிடித்தேன். அத்திப்பட்டு புதுநகரில் அனல்மின் நிலையக் கோபுரங்கள். நந்தியம்பாக்கம், மீஞ்சூர், பொன்னேரி என்று மெல்ல வயல் தலைகாட்டுகிறது. கவரைப்பேட்டை தாண்டியதும் மறுபடியும் புகைபோக்கிகள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பெரும் தொழில் இரும்பு. பழைய இரும்பை உருக்கி வீடு கட்டும் கம்பியாக இழுக்கிற ஆலைகள் ஏராளம். ஸ்டேஷனுக்கு வெளியே ஒடியாவும் இந்தியும் போஜ்புரியும் தமிழை விடச் சத்தமாகக் கேட்கின்றன. சாயங்காலம் அறை வாசலில் செங்கல் அடுப்பில் ரொட்டி சுட்டபடி போனில் ஊர்ப் பாட்டை ஓடவிடுகிறார்கள். ஒரு பையன் தாளத்துக்குத் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். உலை வெக்கையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவன் கை அது.

கும்மிடிப்பூண்டியில் இன்னொரு ஊரும் இருக்கிறது. ஈழத்திலிருந்து வந்த தமிழர்களின் முகாம். தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. இங்கேயே பிறந்து, இங்கேயே கல்யாணம் பண்ணி, பிள்ளைகளையும் பெற்றுவிட்ட தலைமுறை வந்துவிட்டது. கடையில் பேச்சுக் கொடுத்த பெரியவரிடம் நான் யாழ் தேடி வந்தவன் என்றதும் சிரித்தார்.

"யாழுக்கு எங்கட ஊருக்கெல்லோ போகோணும், தம்பி. யாழ்பாடி கதை தெரியுமோ?"

கண் தெரியாத யாழ்ப்பாணன் ஒருவன் ராஜாவின் சபையில் வாசித்து, பரிசாக மணல் நிலம் ஒன்றைப் பெற்று, தன் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினான் என்பது கதை. யாழ்ப்பாணத்துப் பழைய நூல்கள் சொல்கிற கதை அது, வரலாற்றுக்காரர்கள் ஒப்பமாட்டார்கள். இருந்தும், குருட்டுப் பாரிக்கு மாளிகை, குருட்டு யாழ்பாடிக்கு மணல் திடல் என்று உலகத்தின் இரண்டு ஓரத்திலும் ஒரே கதையைச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பது என்னைச் சும்மா விடவில்லை. அந்தப் பெரியவருக்கு நிலம் கொடுத்த ராஜா யாரும் இல்லை. மாத உதவித்தொகை வருகிறது என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க அவர் விரும்பவில்லை.

யாழைத் திரும்ப உயிர்ப்பிக்கப் பாடுபட்டவரும் ஈழத்தவர்தான். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள். ராமகிருஷ்ண மடத்துத் துறவி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர், கணக்கு தெரிந்தவர். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இருக்கும் இசைக் குறிப்புகளைக் கணக்குப் போட்டு, நரம்பின் நீளமும் ஸ்வரமும் எப்படி இருந்திருக்கும் என்று பல ஆண்டுகள் உழைத்து 'யாழ் நூல்' எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம். அவர் கணக்குப்படி செய்த யாழ்களை ஊர்வலமாக எடுத்து வந்தார்கள். அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மேற்கே போகிற பாதை நேரானது இல்லை. பெரியபாளையத்தில் ஆரணியாற்றங்கரைப் பவானியம்மனை வேப்பிலை உடுத்தி வலம் வரும் பெண்களைப் பார்த்துக்கொண்டே பஸ் மாறி, திருவள்ளூர் வந்து, வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் ஜனங்கள் வெல்லம் கரைப்பதைப் பார்த்து (உடம்பில் வந்த கட்டி வெல்லம் போலக் கரையும் என்பது நம்பிக்கை) மறுபடி ரயிலேறினேன். இறங்கவேண்டிய இடம் திருவாலங்காடு.

ஸ்டேஷனிலிருந்து கோயில் சில கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ. நடராஜரின் ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. 1905இல் இங்கே கிடைத்த செப்பேடுகள்தான் சோழர் வம்ச வரலாற்றை எழுத உதவியவற்றில் முக்கியமானவை. ஆனால் எனக்கு வேண்டியது காரைக்கால் அம்மையார். 6ஆம் நூற்றாண்டு என்று பலர் கணிக்கிறார்கள். இந்தச் சுடுகாட்டில் பேய்களோடு பேயாக இருந்து பாடிய பதிகத்தில் ஏழு ஸ்வரங்களின் தமிழ்ப் பெயர்களையும் பல வாத்தியங்களையும் அடுக்கி வைக்கிறார். தோல்கருவிகளின் கூட்டத்தில் வீணையும் வருகிறது. சுடுகாட்டில் நடக்கிற கச்சேரிக்கு இப்படி ஒரு வாத்தியப் பட்டியல் போட்டவர் வேறு யாரும் இல்லை. தமிழில் பதிகம் பாடிப் பண் வழியைத் தொடங்கிவைத்த அம்மாவுக்கு எந்த ராஜாவும் திண்ணை கொடுக்கவில்லை, கேட்டிருந்தாலும் வாங்கியிருக்கமாட்டார்.

அம்மை தலையால் நடந்த ஊர் என்று காலால் மிதிக்க அஞ்சி, ஞானசம்பந்தர் பக்கத்துப் பழையனூரில் தங்கிவிட்டார் என்கிறார் சேக்கிழார். சிவன் கனவில் வந்து கேட்ட பிறகுதான் பாடினாராம். சம்பந்தர் போகிற இடமெல்லாம் கூடவே போனவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். ஆக, பெரியபுராணக் கணக்குப்படி யாழ் இந்தத் திருவள்ளூர்ச் சீமைக்கு வந்திருக்கிறது. பாணர் சாதி என்பதால் கோயிலுக்கு வெளியே நின்று வாசித்தவர். திருவாரூரில் அவருக்கென்று தனி வாசல் வகுக்கப்பட்டது. மதுரையில் தரை ஈரத்தில் யாழ் வைத்தால் நரம்பு தளரும் என்று பொற்பலகை இடச் சொல்லி ஆணை வந்தது. பக்திக் கதைக்கு நடுவில் இப்படி ஒரு வாத்தியக்காரக் கவலை. நரம்பு கட்டிச் சுருதி சேர்த்தவர் யாரோ சேக்கிழாருக்குப் பழக்கம் என்று நினைக்கிறேன். சாத்தமங்கையில் அந்தணரான நீலநக்கர் தன் வீட்டு வேள்விச் சாலையில் பாணருக்கும் மனைவிக்கும் படுக்க இடம் கொடுத்தபோது ஓமத் தீ வலஞ்சுழித்து எழுந்ததாம்.

தருமபுரத்தில்தான் யாழுக்குச் சோதனை வந்தது. பாட்டுக்குப் பெருமை யாழால்தான் என்று பாணரின் உறவினர்கள் பேச, சம்பந்தர் யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடினார். பாணரால் வாசிக்கமுடியவில்லை, யாழை உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார். கதைதான். ஆனால் கதைக்குள் ஒரு நிஜம் இருக்கிறது. யாழில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு நரம்பு. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதும், ஒரே ஸ்வரத்தை அசைத்துக் குழைப்பதும் கடினம். வீணையில் விரல் வைக்க 24 மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கின்றன. வாசிப்பவர் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே இடத்தில் மூன்று ஸ்வரம் வரும். பாட்டில் கமகம் பெருகப் பெருக யாழ் பின்தங்கியது, வீணை முன்னே வந்தது என்று பல இசை ஆய்வாளர்கள் சொல்வதன் சாரம் இதுதான்.

வேல்ஸில் யாழை விரட்டியது வேறு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மெதடிஸ்ட் சபைகள் பரவியபோது யாழும் பிடிலும் குடிகாரர் கூத்து என்று ஒதுக்கப்பட்டன. முவ்வரிசை யாழை அழியாமல் சுமந்தவர்கள் ஊரூராகப் போகும் ஜிப்சிகள். ஆபிரகாம் வுட் என்பவரின் வம்சம். அவர்களிடம் கற்ற நான்சி ரிச்சர்ட்ஸ் என்கிற பெண் 20ஆம் நூற்றாண்டில் அந்த வாத்தியத்தை இடது தோளில் சாய்த்து வாசிக்கும் பழைய முறையோடு காப்பாற்றி அடுத்தவர்களுக்குக் கொடுத்தார். 1979இல் இறந்தார். அங்கே கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் கையில் வாத்தியம் பிழைத்தது. இங்கே பாணர்கள் கையில் பிழைக்கவில்லை. பாணர் குலமே மறைந்தது. கமகத்தை மட்டும் குறை சொல்வது நமக்கு வசதியாக இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

திருத்தணி மலைக்கு 365 படி. டிசம்பர் 31 இரவு படிக்கொரு பாட்டாகத் திருப்புகழ் பாடி ஏறுகிற திருவிழா வள்ளிமலை சுவாமிகள் ஏற்படுத்தியது. நான் போனது சாதாரண நாள். வெயில் சாய்ந்தபின் ஏறினேன். பால்காவடி எடுத்த ஒரு குடும்பம் முன்னால். அவர்களுடைய பாட்டி படிக்குப் படி நின்று எல்லோரையும் திட்டிக்கொண்டே ஏறினாள்.

தீட்சிதர் கதையும் இந்த மலைக்கு வந்து சேர்கிறது. மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி என்பவர் முத்துசாமியைக் காசிக்கு அழைத்துப் போனார். சில ஆண்டுகள் அங்கே. யோகி சொல்லி, கங்கையில் இறங்கியபோது கையில் ஒரு வீணை வந்ததாகவும், அதன் யாளி முகம் வழக்கத்துக்கு மாறாக மேல்நோக்கி இருந்ததாகவும் குடும்பக் கதை. காசியிலிருந்து திரும்பியவர் மணலி வந்து, பிறகு திருத்தணி வந்தார். மலையில் தியானத்தில் இருந்தபோது ஒரு கிழவர் வாயைத் திற என்று கற்கண்டு போட்டு மறைந்தார்; உடனே பாட்டு வந்தது. 'ஸ்ரீநாதாதி குருகுஹோ'. மாயாமாளவகௌளை ராகம். சரளி வரிசை தொடங்குகிற பிள்ளைகள் முதல் நாள் பாடுகிற அதே ராகம். அதைத் தொடர்ந்து எட்டு வேற்றுமைகளிலும் அமைந்த பாடல்கள்; கடைசி வரை அவர் பாட்டுகளில் முத்திரை, முருகன் பெயரான குருகுஹன்தான். அவருடைய பாட்டுகள் மெதுவாக, தந்தியை இழுத்து இழுத்துப் போவது வீணைக்காரர் பாட்டு என்பதால். குரலுக்கு எழுதியவர் இப்படிக் காத்திருக்கமாட்டார்.

அதற்குப் பின் காஞ்சிபுரம், திருவாரூர், தஞ்சாவூர் என்று சுற்றிய தீட்சிதர் 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் இறந்தார். அங்கே போனதற்குக் காரணம் தம்பி பாலுசாமி. மணலியில் வெள்ளைக்காரனிடம் பிடில் கற்ற அதே தம்பி அப்போது எட்டயபுரம் சமஸ்தானத்து வித்வான். பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரன், அவரே சுவீகாரம் எடுத்துக்கொண்ட சுப்பராம தீட்சிதர். குடும்பத்துப் பாட்டுகளை வெளியே விடத் தயங்கிய அவரை விடாமல் வற்புறுத்தியவர் சென்னையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த ஒரு கிறிஸ்தவர், ஏ. எம். சின்னசாமி முதலியார், தன் சொந்தக் காசில் நம் கீர்த்தனைகளை வெள்ளைக்கார ஸ்டாஃப் எழுத்தில் அச்சிட்டு வந்தவர். 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்யா விலாசினி அச்சகத்தில் தெலுங்கு எழுத்தில் வந்தது. அச்சுச் செலவை ஏற்றவர் எட்டயபுரம் ராஜா.